நெறி கரைந்துவிட்டது என்று சொன்னவள் எழுதுவது

போன வருஷம் ஆடி மாதம், எல்லையம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று, கோவில் பந்தலில் மைக்கைப் பிடித்து நான் ஒரு சாட்சி சொன்னேன். அது பொய். சொல்லும்போது பொய் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் சொன்னாலும் பொய் பொய்தான்.

நம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தின் அனுபவ நோட்டில் அந்தச் சாட்சி அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள் என்று கேட்டேன். சாமிக்கு முன்னால் எழுதியதைக் கிழிக்கக் கூடாது, வேண்டுமானால் எதிர்ப் பக்கத்தில் எழுது என்று பூசாரி முனுசாமி அண்ணன் சொல்லிவிட்டார். அதனால் எழுதுகிறேன். இந்த வருஷம் எனக்கு மைக் வேண்டாம். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

என் பேர் செல்வி. ஊரில் பாதிப் பேர் இப்போது வாடகைக்கு வந்தவர்கள், என்னைத் தெரியாதவர்கள் இருப்பீர்கள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கும் ஒரகடத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஏழுமலையின் மனைவி. வயது நாற்பத்திரண்டு. வாய் கொஞ்சம் நீளம், அதையும் ஊரே சொல்லும். நம் ஏரிக்கரையை ஒட்டி நிற்கிற கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன்.

கார் கதவுக்குள் போகிற தகடுகளைப் பார்த்து அனுப்புகிற வேலை. மெஷினில் அடித்து வந்த தகட்டின் ஓரத்தில் பிசிறு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். கையுறையைப் போடுங்கள் என்று சூப்பர்வைசர் தொண்டை வறளக் கத்துவார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நாங்கள் இடது கை உறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வோம். வலது கை தகட்டைப் பிடிக்கும், இடது கை ஓரத்தைத் தடவும். உறையோடு தடவினால் வேலை ஓடாது. அதனால் எங்கள் எல்லோருக்கும் இடது கை விரல்களில் எப்போதும் நாலைந்து கீறல் இருக்கும்.

கையில் காயம் பட்டால் அக்குளில் நெறி கட்டும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் லைனில் நெறி கட்டாத பெண்ணே கிடையாது. கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்போம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவோம். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள், போய்விடும்.

போன வருஷம் பங்குனியில் எனக்கு ஒன்று கட்டியது. போகவில்லை.

நாவல் கொட்டை அளவு இருந்தது. வலி இல்லை. வலி இல்லாததால் நானும் கண்டுகொள்ளவில்லை. சித்திரை போனது, வைகாசி போனது. ஆனி பிறந்ததும் விரலில் ஒரு பெரிய வெட்டு விழுந்தது, உடனே பக்கத்தில் இன்னொரு நெறியும் கட்டியது. இது வலித்தது. பார், எல்லாம் காயத்தால் வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் பக்கத்து மேஜையில் இசக்கி என்று ஒரு பெண். தென்காசிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தவள். ஒருநாள் கேன்டீனில் அவள் கையைப் பிடித்து என் அக்குளில் வைத்துக் காட்டினேன். சும்மா பேச்சுக்குத்தான் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது.

"யக்கா, இது எத்தன நாளா இருக்கு?"

"ரெண்டு மூணு மாசமா கீது. இன்னா இப்போ? வலியே இல்லடி."

"வலிச்சாப் பயமில்லக்கா. எங்க சித்திக்கும் வலிக்கவே இல்ல. சொன்னாக் கேளுங்க, ஒரு எட்டு டாக்டரைப் பாத்துட்டு வாருங்க."

சித்திக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அவள் நச்சரிப்பு தாங்காமல் ஆனி கடைசியில் படப்பையில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். அக்குளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு படுக்கச் சொல்லி இடது மார்பை அழுத்திப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என் விரலைப் பிடித்து ஓர் இடத்தில் வைத்து, "இங்க ஒண்ணு இருக்கு, தெரியுதாம்மா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அழுத்திப் பிடித்த பிறகு தெரிந்தது. ஆழத்தில், பட்டாணி மாதிரி. தகட்டில் முடி அளவு பிசிறைக் கண்டுபிடிக்கிற விரல் இது. என் உடம்பில் இருந்ததை ஒருநாளும் தேடிப் பார்க்கவில்லை.

"மார்புல இருக்கிறதுதான் நெறிக்கு வந்திருக்கோன்னு சந்தேகமா இருக்கு. ஊசி வச்சு எடுத்துப் பரிசோதிக்கணும். சென்னையில பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் தரேன். வியாழக்கிழமை போயிடுங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நமக்குக் காப்புக் கட்டு.

காப்பு கட்டினவர்கள் அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். கம்பெனி நம் எல்லைக்குள் இருப்பதால் காப்போடு ஷிஃப்டுக்குப் போகலாம், ஓ.டி. பார்க்கலாம். அதற்கெல்லாம் அம்மா கோபிக்க மாட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் மட்டும் கோபித்துக்கொள்வாள் என்று நான் முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் இடது கையை நீட்டிக் காப்பு கட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அன்று கேட்டார். "அம்மா இன்னா ஆஸ்பத்திரிக்குப் போவாதேன்னா சொல்லிச்சு? காலைல நான் இட்டுகினு போய் சாயங்காலம் இட்டாந்துடறேன்."

"சாமி விஷயத்துல வாயை வைக்காதே. உனக்கு இன்னா தெரியும்?" என்று அவர் வாயை அடைத்தேன்.

இப்போது உண்மையை எழுதுகிறேன். காப்பு எனக்கு ஒரு சாக்கு. எனக்குப் பயம். அந்த ஊசியில் என்ன வரும் என்று பயம். அந்தப் பயத்துக்கு அம்மாவின் பேரை வைத்துக்கொண்டேன். பக்தி என்று சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பத்து நாளும் ஈரப்புடவையோடு கோவிலைச் சுற்றினேன். "எல்லையைக் கட்டு தாயே. எது வந்திருந்தாலும் அதைத் தாண்ட விடாதே" என்று ஒரே வேண்டுதல். பற்றும் போட்டேன். மருந்துக் கடையில் வீக்கத்துக்கு மாத்திரை வாங்கி அதையும் விழுங்கினேன். எட்டாம் நாள் தடவிப் பார்த்தேன், வீக்கம் பாதிதான் இருந்தது. பத்தாம் நாள் வலி சுத்தமாக இல்லை. நான் சந்நிதியில் விழுந்து அழுதேன். அன்றுதான் மைக்கைப் பிடித்தேன். "டாக்டருங்க பயமுறுத்தினாங்க. ஊசி இல்ல, கத்தி இல்ல, அம்மா கரைச்சுட்டா" என்று சொன்னேன். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். சிலர் என் காலைத் தொட்டுக் கும்பிட வந்தார்கள். நான் தடுக்கவில்லை. பிடித்திருந்தது.

கரைந்தது எது என்று பிறகு தெரிந்தது. விரல் காயத்துக்குக் கட்டிய நெறி, காயம் ஆறியதும் அடங்கியது. அதற்கு அடியில் வலியே இல்லாமல் இருந்தது பார்த்தீர்களா, அது அங்கேயேதான் இருந்தது. டாக்டர் கொடுத்த லெட்டர் அரிசி டப்பாவுக்கு மேல் கிடந்தது.

புரட்டாசி இரண்டாம் வாரம், மேல் தட்டில் பெட்டியை வைக்கக் கையைத் தூக்கினேன். கை தோளுக்கு மேல் போகவில்லை. விரல் மரத்துப் போயிருந்தது. ஓரத்தில் பிசிறு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் மூன்று தகட்டை விட்டுவிட்டேன். இசக்கி பார்த்துக்கொண்டே இருந்தாள். சூப்பர்வைசரிடம் போய் இரண்டு பேருக்கும் கேட் பாஸ் வாங்கிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெளியே என் வீட்டுக்காரர் ஆட்டோவோடு நின்றார். முன்பே அவருக்குப் போன் செய்திருக்கிறாள். அந்த இரண்டு பேரும் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊசி வைத்தார்கள். மார்பில் ஒன்று, அக்குளில் ஒன்று. எட்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. இரண்டு இடத்திலும் புற்றுநோய்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையானவர். ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டினார். "ரத்தக் குழாய் மாதிரியே உடம்புல இன்னொரு குழாய் ஓடுதும்மா. நிணநீர்னு பேரு. தோல் உரிஞ்சா தண்ணி மாதிரி கசியுதே, கிட்டத்தட்ட அதான். அந்தக் குழாய் போற வழியில அங்கங்க இருக்கிறதுதான் நீங்க சொல்ற நெறி. கிருமி வந்தா அதுல மாட்டும். நெறி சண்டை போடும், வீங்கும், வலிக்கும். மார்புல இருக்கிற கட்டியிலிருந்து புற்றுநோய் செல்லு கழண்டு இந்தத் தண்ணியில வந்தா, அதுவும் முதல் நெறியிலதான் மாட்டும். ஆனா அது சாகாம அங்கேயே வளர ஆரம்பிச்சுடும். அப்புறம் அங்கேருந்து அடுத்த நெறிக்கு."

என் வீட்டுக்காரர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த குடும்பம் அவருடையது. "நம்ம பக்கம் ஆகாயத்தாமரை வர்ற மாதிரி சார்" என்றார். "மேல் ஏரில ஒரு கொத்து இருந்தா போதும். மழை பேஞ்சு ஏரி நெறைஞ்சு கலங்கல் வழிஞ்சா, கால்வாய்ல மிதந்துகினு வந்து அடுத்த ஏரியைப் புடிச்சுக்கும்."

"அதேதான் ஐயா."

"இப்போ எத்தினி ஏரி தாண்டிச்சு சார்?"

டாக்டர் பேனாவை மூடினார். "திறந்து எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். ஆடி மாசமே அந்த லெட்டரோட வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஐப்பசியில் ஆபரேஷன். இடது மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்து பதினாலு நெறிகளை எடுத்துச் சோதித்தார்கள். ஆறில் இருந்தது. ஆறு ஏரி என்று நான் விரலை மடக்கினேன். அது மட்டும் இல்லை. கழுத்தெலும்புக்கு மேலே சின்னதாக ஒன்று ஸ்கேனில் தெரிந்தது. அது நோயா வெறும் வீக்கமா என்று இப்போது சொல்ல முடியாது, மருந்து ஏற்றி, கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்து, பிறகு பார்க்கலாம் என்றார்கள். அங்கேயும் வந்திருந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். "எல்லாத்தையும் இப்பவே நினைக்காதீங்கம்மா" என்றார் டாக்டர். எனக்குப் புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் அம்மாவைக் கும்பிடவில்லை. தலைமாட்டில் வைத்திருந்த படத்தைத் திருப்பி வைத்தேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று. எல்லையைக் கட்டு என்று கேட்டேன். ஆறு இடம் தாண்ட விட்டிருக்கிறாய், நீ என்ன காவல் என்று மனசுக்குள் கேட்டேன். நாக்கில் வந்ததையெல்லாம் கேட்டேன். அழுகைகூட வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். சாப்பாடு வந்தால் சாப்பிடுவேன், கை தூக்கச் சொன்னால் தூக்குவேன். பிழைக்க வேண்டும் என்ற ஆசையே விட்டுப் போயிருந்தது.

ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாள் மதியம் கன்னியம்மா பார்க்க வந்தாள். பின் தெருவில் இருப்பவள், நம் கம்பெனி கேன்டீனில் சப்பாத்தி போடுகிறவள். இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள் அவளுக்கு. ஒரு டப்பாவில் ரசம் சாதம் கொண்டுவந்திருந்தாள். என் பக்கவாட்டில் தொங்கிய ட்யூபையும் அதில் இறங்குகிற சிவந்த தண்ணீரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இன்னாக்கா இது? அம்மா கரைச்சுட்டான்னு சொன்னியே?"

நான் போர்வையை இழுத்து ட்யூபை மூடினேன்.

"எனக்கும் ஒண்ணு கீதுக்கா. மார்ல. நீ மைக்ல சொன்ன அன்னிக்கே எனக்கு இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குத்தான் போலாம்னு இருந்தேன். நீ சொன்னதக் கேட்டுட்டு, நமக்கும் அம்மா கரைப்பான்னு வாராவாரம் வெளக்கு போட்டுக்கினு கீறேன்."

என் உடம்பில் கத்தி வைத்தபோதுகூட இப்படி இல்லை. ஆடியிலிருந்து ஐப்பசி வரை விரல் விட்டு எண்ணினேன். என்னுடையது ஆறு நெறிக்குப் போக எடுத்துக்கொண்ட நாட்களில் அவளுடையது எங்கே போயிருக்கும்? அவள் வலிக்கவே இல்லை என்றாள். வலி இல்லை என்று கேட்டதும் எனக்கு இசக்கியின் முகம் ஞாபகம் வந்தது.

கன்னியம்மா போன பிறகு படத்தை என் பக்கம் திருப்பினேன். நான் எனக்காக எதுவும் கேட்கவில்லை. "தாயே, என்னை எடுத்துக்கோ. பரவாயில்லை, நான் செய்ததுக்கு அது சரி. என் வாயை நம்பினவள் அவள். அந்தப் பிள்ளைகளுக்கு நான் அம்மாவைக் கொன்றவளாக ஆகக் கூடாது. இது ஒன்று மட்டும்." இதைத்தான் கேட்டேன். அன்றைக்குத்தான் அழுகை வந்தது. தையல் இழுக்க இழுக்க அழுதேன்.

வேண்டிவிட்டுப் படுத்துக்கொள்ள இந்தத் தடவை என்னால் முடியவில்லை. ஒருமுறை அப்படிப் படுத்துத்தானே இங்கே வந்து கிடந்தேன்.

இரண்டு நாள் கழித்து ட்யூபோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலையில் ட்யூப் பாட்டிலை வயர் கூடையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, கன்னியம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன். என் வீட்டுக்காரர் ஆட்டோவை நிறுத்தாமல் உறும விட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஷிஃப்ட் கீதுக்கா" என்றாள்.

"ஷிஃப்டாவது மண்ணாவது. ஏறு" என்றேன்.

"அம்மாவுக்கு வெளக்கு..."

"அம்மாதான் என்னை அனுப்பினா. ஏறுடி."

படப்பை டாக்டர் என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ட்யூபோட யாருங்க உங்களை ரோட்டுல சுத்தச் சொன்னது?" என்று சத்தம் போட்டார். என்னை அப்புறம் திட்டுங்கள், முதலில் இவளைப் பாருங்கள் என்றேன். பார்த்தார். கட்டி இருந்தது. என்னுடையதைவிடப் பெரிசு. அக்குளையும் தொட்டுப் பார்த்தார். அதே மாதிரி லெட்டர், அதே ஆஸ்பத்திரி. இந்தத் தடவை லெட்டர் அரிசி டப்பா மேல் கிடக்கவில்லை. அங்கிருந்தே ஆட்டோவைச் சென்னைக்கு விடச் சொன்னேன்.

ரிப்போர்ட் வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாள் மாதிரி நாட்களை நம் எதிரிக்கும் அம்மா கொடுக்க வேண்டாம். கன்னியம்மா வேலைக்குப் போனாள், வந்தாள், என் வீட்டுப் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அவள் பிள்ளைகள் என் மடியில் ஏற வந்தால் கூடை இருக்கிறது, தள்ளிப் போங்கள் என்பேன். உண்மையில் அந்த முகங்களைப் பார்க்கப் பயம்.

கார்த்திகை மூன்றாம் தேதி ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிட்டார்கள். நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். என் டாக்டரே ரிப்போர்ட்டைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். "சாதாரணக் கட்டி. புற்றுநோய் இல்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினா போதும்" என்றார்.

கன்னியம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். நான்தான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் ஓடிவந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். யாருக்கு நோய் என்று அந்த அறையில் இருந்த யாருக்கும் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

அம்மாவின் பிள்ளைகளே, இதுதான் என் சாட்சி. நான் கேட்டேன், அவள் கொடுத்தாள்.

வேண்டாவிட்டாலும் அது சாதாரணக் கட்டியாகத்தானே இருந்திருக்கும் என்று இசக்கியே என்னைக் கேட்டாள். இருக்கலாம். எனக்கு அந்த அளவுக்குப் படிப்பு இல்லை. ஆனால் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவளை எழுப்பி, கூடையில் பாட்டிலை வைத்து, கன்னியம்மா வாசல் வரைக்கும் நடத்திக் கொண்டுபோனது யார் என்று எனக்குத் தெரியும். அதற்கு நன்றி சொல்ல இந்த ஒரு பக்கம் போதாது.

என் கதை நல்லபடியாக முடிந்தது என்று எழுத முடியாது. மார்கழியிலிருந்து மருந்து ஏற்றினார்கள். முடி போனது, நகம் கறுத்தது, சோற்று வாசம் பட்டாலே குமட்டியது. சித்திரையில் கரண்ட் வைத்தார்கள், கழுத்து வரைக்கும் தோல் வெந்தது. நெறிகளை எடுத்துவிட்டதால் இடது கையில் நிணநீர் வடிய வழியில்லாமல் நிற்கிறது. கை கனத்துப் போய், சில நாள் மோதிர விரலை மடக்கவே முடியாது. அந்தக் கையில் ஒரு கீறல்கூடப் படக் கூடாதாம், இறுக்கமாக எதுவும் கட்டக் கூடாதாம். பிசிறு பார்க்கிற வேலை அதோடு போனது. என் மேஜையில் வேறு பெண் நிற்கிறாள். கையுறையைக் கழற்றாதே என்று இசக்கி அவளைத் தினமும் திட்டுகிறாளாம்.

சில காலைகளில் எழுந்திருக்கும்போதே கழுத்தெலும்பைத் தடவிப் பார்ப்பேன். இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். அன்றைக்கு முழுவதும் வேலை ஓடாது. நம்பிக்கை நிறைய இருக்கிறது என்று எழுதினால் அது இரண்டாவது பொய் ஆகிவிடும்.

இந்த வருஷம் காப்புக் கட்டு முடிந்த மூன்றாம் நாள் எனக்கு ஸ்கேன் தேதி வந்தது. அந்தக் கழுத்தெலும்பு நெறி வளர்ந்திருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற ஸ்கேன். போன வருஷம் மாதிரியே வியாழக்கிழமை. தேதியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

செவ்வாய்க்கிழமை காப்புக் கட்ட வரிசையில் நிற்கவில்லை. ஓரமாக நின்றேன். பூசாரி முனுசாமி அண்ணன் என்னைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். அவரும் நம் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர், நான் கேட் பாஸோடு வெளியே போன அன்று கேட்டைத் திறந்துவிட்டவர்.

"இன்னா செல்வி, கைய நீட்டு."

"வேணாம்ணே. வியாழக்கிழமை ஸ்கேன் கீது. எல்லையைத் தாண்டணும். அதோட இந்தக் கையில எதுவும் கட்டக் கூடாது."

பொம்பளைகளுக்கு இடது கைதான் முறை. அவர் மஞ்சள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு என் வீங்கின கையைப் பார்த்தார். பின்னால் வரிசை முனகியது. பிறகு என் வலது கையைப் பிடித்து, தளர்வாக, மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

"எல்லைக்கல்லு எங்க கீதுன்னு இப்போ யாருக்குத் தெரியும்? கம்பெனி கட்டினப்பவே பேத்துப் போட்டுட்டாங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் அவ எல்லைதான். போய்ட்டு வா" என்றார்.

காப்போடு போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தேன். கன்னியம்மா கூட வந்தாள். ரிப்போர்ட் திங்கட்கிழமை வரும். இன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை வரைக்கும் காத்திருந்து எழுதலாமே என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். நல்லது வந்த பிறகு நம்புகிறேன் என்று சொல்வது போன வருஷம் நான் செய்த காரியம். இந்த வருஷம் ரிப்போர்ட் கைக்கு வரும் முன்பே எழுதிக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை என்ன வந்தாலும் இந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம்.

நீங்களும் அவளை நம்புங்கள். மனசார வேண்டிக்கொள்ளுங்கள், விளக்குப் போடுங்கள், கூழ் ஊற்றுங்கள். வேண்டிக்கொண்ட கையோடு அக்குளையும் மார்பையும் தடவிப் பாருங்கள். வலிக்காத நெறி, கரையாத கட்டி, எது இருந்தாலும் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் என்னிடமோ இசக்கியிடமோ சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை, காதில் சொன்னால் போதும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் வீட்டுக்காரர் ஆட்டோ கோவில் வாசலிலிருந்து படப்பைக்குக் கிளம்பும். காப்பு கட்டியிருந்தாலும் வாருங்கள்.

நாளைக்கு மூன்று பெண்கள் பேர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.